கடல் கடந்த தொழில் அழைப்பு: கையொப்பமிடுவதற்கு முன்னர்

வெளிநாட்டுத் தொழில்வாய்ப்பொன்று வந்துவிட்டால் எமது இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதேயாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் இக்கேள்வி மேலும் வலுப்பெற்றிருப்பதில் வியப்பேதுமில்லை. ஆயினும் அழைப்பை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிப்பதற்குச் சம்பளத் தொகை மாத்திரம் போதுமானதல்ல என்பதைச் சுட்டிக்காட்டுவது எமது கடமையாகும்.

முதலாவதாக, கைவிடப் போவது எதுவென்பதைக் கணக்கிட வேண்டும். தனியார் துறையில் பணிபுரியும் ஒருவருக்காகத் தொழில்தருநர், சம்பளத்துக்கு மேலதிகமாக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துகின்றார். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். இறுதிச் சம்பளம் 60,000 ரூபாவாயின் 5 ஆண்டுகளுக்கு அத்தொகை ஒன்றரை இலட்சம் ரூபாவாகும். நான்கரை ஆண்டுகளில் அவசரப்பட்டு விலகுபவர் இதனை இழக்க நேரிடும்.

இரண்டாவதாக, கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை ஆராய வேண்டும். உணவு, தங்குமிடம், விமானச் சீட்டு, மருத்துவச் செலவு ஆகியவற்றை யார் பொறுப்பேற்பது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருத்தல் அவசியம். நகைகளை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் பெற்றும் புறப்படுபவர், அக்கடனை அடைக்க எத்தனை மாதச் சம்பளம் செல்லுமென்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, அழைப்பவர் யாரென்பதை அறிய வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதை விசாரித்தறிய முடியும். அதன் தொலைபேசி இலக்கம் 1989 ஆகும். "சுற்றுலா விசாவில் வாருங்கள், பின்னர் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதியை நம்புவது ஆபத்தானது. தாய்லாந்தில் கணினித் துறை வேலையென நம்பிச் சென்ற எமது நாட்டு இளைஞர்கள், மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணையக் குற்ற முகாம்களில் சிக்கியதை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் நாம் கண்டோம்.

நான்காவதாக, ஆவணங்களில் பொய்யுரைக்க ஒருபோதும் இணங்கலாகாது. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக், வயது கூட்டப்பட்ட கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவருக்கு வயது 17 மாத்திரமே. குழந்தையொன்றின் மரணம் தொடர்பில் மரண தண்டனை விதிக்கப்பட்ட அவருக்கு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயது கூட்டியெழுதிய கரங்கள் அவரைக் காப்பாற்ற முன்வரவில்லை.

வெளிநாடு செல்ல வேண்டாமென நாம் கூறவில்லை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அவ்வுழைப்பினாலேயே எரிகின்றது. ஆயினும் விளங்காத மொழியிலுள்ள ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதிருப்பதும், "நாளையே பதில் வேண்டும்" என்று அவசரப்படுத்தும் முகவரிடம் அவகாசம் கோருவதும் தொழிலாளியின் உரிமையாகும். அந்த அவகாசத்தை மறுப்பவரின் அழைப்பை மறுத்துவிடுவதே உத்தமம்.