அச்சத்தையும் பதற்றத்தையும் சுட்டும் ஆங்கில மரபுத்தொடர்கள்: பழிப்பும் விவரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

எளிதில் அஞ்சுவோரையும் பதறுவோரையும் சுட்டும் ஆங்கில மரபுத்தொடர்கள் ஒரே தன்மையன அல்ல. சில ஒருவரின் குணத்தைப் பழிக்கின்றன; சில அவரது அப்போதைய நிலையை விவரிக்கின்றன. இவ்வேறுபாடு உருவான வரலாற்றையும், தமிழாக்கத்தில் அதைப் பேணுவதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், அச்சம், பதற்றம், நரம்பு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

தேர்வறைக்குள் நுழையும்போது கை நடுங்கும் மாணவரும், தீப்பற்றிய வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு ஓடுபவரும் அஞ்சியவர்களே. எனினும் இருவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது முறையாகாது. ஆங்கிலம் இவ்விரு நிலைகளுக்கும் வெவ்வேறு மரபுத்தொடர்களைக் கொண்டுள்ளது. அவற்றை 'அச்சம்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

கல்லீரலும் நிறமும்

கேலன் வழிவந்த பண்டைய ஐரோப்பிய மருத்துவம், குருதி கல்லீரலில் உருவாவதாகக் கருதியது. குருதியின்றி வெளுத்த ஈரல் துணிவின்மையின் அடையாளம் என்னும் நம்பிக்கையும் மக்களிடையே நிலவியது. 'லில்லி லிவர்டு' (லில்லி மலர்போல் வெளுத்த ஈரலுடைய) என்னும் தொடர் இந்நம்பிக்கையை அடியொற்றியது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்', 'கிங் லியர்' நாடகங்களில் இது வசையாகவே ஆளப்படுகிறது. 1628-இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுழற்சியை விளக்கிய பின்னர்ப் பழைய மருத்துவக் கொள்கை வலுவிழந்தது. வசை மட்டும் மொழியில் நிலைத்துவிட்டது. 'யெல்லோ பெல்லீட்' (மஞ்சள் வயிறுடைய) என்பதும் இவ்வகையினதே. இவை ஒருவரது உடலமைப்பிலேயே கோழைத்தனம் ஊறியிருப்பதாகக் கூறுவதால், மீள வழியற்ற பழிப்பாகின்றன.

பூனையின் இரு நிலைகள்

விலங்குகளைக் கொண்ட தொடர்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. 'சிக்கன்' (கோழி), 'ஸ்கேர்டி கேட்' (பயந்த பூனை) ஆகியவை ஒருவரையே அவ்விலங்காக உருவகிக்கின்றன. எனவே குணத்தைச் சுட்டுகின்றன. 'லைக் எ கேட் ஆன் ஹாட் பிரிக்ஸ்' (சுடுசெங்கல் மேல் பூனை போல) என்பதோ உவமை. சூடு தணிந்தால் பூனை அமைதியுறும். அதுபோலக் காரணம் நீங்கினால் பதற்றமும் நீங்கும். அமெரிக்க வழக்கில் செங்கல்லின் இடத்தில் தகரக்கூரை வந்தது. அவ்வடிவத்தை டென்னசி வில்லியம்ஸ் தம் 1955ஆம் ஆண்டு நாடகத்திற்குத் தலைப்பாக்கினார். இவ்வாறு ஒரே பூனை ஒரு தொடரில் பழிப்பாகவும் மற்றொன்றில் விவரிப்பாகவும் நிற்கிறது.

நரம்பின் பொருள்மாற்றம்

'நெர்வஸ்' என்னும் சொல்லின் வரலாறு சிறப்பாகக் கருதத்தக்கது. இதன் இலத்தீன் மூலமான 'நெர்வுஸ்' தசைநாண், வில்நாண், இசைக்கருவியின் நரம்பு ஆகியவற்றைக் குறித்தது. எனவே ஆங்கிலத்திலும் 'நெர்வஸ்' முற்காலத்தில் 'வலிமை மிக்க' என்றே பொருள்பட்டது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி வலிமைப் பொருளை ஏற்று, நரம்புத் தளர்வைக் குறிக்கும் பொருளை மருத்துவர்களின் குழூஉக்குறி என ஒதுக்கியது. ஆயினும் ஜார்ஜ் செயின் 1733-இலும் ராபர்ட் விட் 1765-இலும் வெளியிட்ட நரம்புநோய் நூல்கள் காட்டுவதுபோல, புதிய பொருள் அந்நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. பின்னர் எழுந்த 'பண்டில் ஆஃப் நெர்வ்ஸ்', 'நெர்வஸ் ரெக்', 'ஹைலி ஸ்ட்ரங்' முதலியவை அச்சத்தை ஒழுக்கக்கேடாக அன்றி உடல்நிலையாகப் பேசுகின்றன.

போர்க்காலச் சான்று

இவ்விரு மரபுகளும் முதல் உலகப்போரில் நேருக்கு நேர் மோதின. 1914 ஆகஸ்ட்டில் அட்மிரல் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு ஃபோக்ஸ்டன் நகரில் தொடங்கிய இயக்கம், சீருடை அணியாத ஆண்களுக்குப் பெண்கள் வெள்ளை இறகு அளிக்கத் தூண்டியது. வாலில் வெள்ளை இறகுள்ள சேவல் நல்ல சண்டையினத்தைச் சேர்ந்ததன்று என்பது சேவற்சண்டைக்காரர் நம்பிக்கை. ஃபிரான்சிஸ் குரோஸின் 1785ஆம் ஆண்டுக் கொச்சைமொழி அகராதியிலேயே இத்தொடர் பதிவாகியுள்ளது. காயமுற்றுத் திரும்பியோரும் இறகு பெற நேர்ந்தது. நோயாலும் காயத்தாலும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர்க்கு 1916 செப்டம்பர் முதல் வெள்ளிச் சின்னம் வழங்கப்பட்டது.

இதே காலத்தில், 1915-இல், சார்லஸ் மயர்ஸ் 'தி லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். ஆனால் இராணுவ நீதிமன்றத்தில் பழைய சொல்லே மேலோங்கியது. ஷெல் ஷாக்கிற்காக 1915-இல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஹாரி ஃபார் என்னும் வீரர், கோழைத்தனக் குற்றத்திற்காக 1916 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோழைத்தனம், படையை விட்டோடுதல் முதலிய குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆயுதப்படைச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. அது தீர்ப்புகளை இரத்துச் செய்யவில்லை. அம்மரணம் அவர்களுக்குத் தகாதது என்பதை ஏற்றது. ஒரு நிலையைக் குணமாகப் பெயரிடுவதால் விளையும் கேட்டிற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

தமிழிலும் இப்பாகுபாடு உண்டு. 'பயந்தாங்கொள்ளி', 'தொடைநடுங்கி' ஆகியவை குணத்தைப் பழிக்கின்றன. 'வயிற்றில் புளியைக் கரைத்தது', 'ஈரக்குலை நடுங்கியது' ஆகியவை நிகழ்வை விவரிக்கின்றன. ஆங்கிலத்தில் ஈரல் பழிப்புக்கு உரியது. தமிழில் அதே உறுப்பு எவர்க்கும் நேரக்கூடிய நடுக்கத்திற்கு உரியது. எனவே உறுப்பை ஒப்பிட்டு மொழிபெயர்ப்பது பொருந்தாது.

நரம்பிலும் இதே இடர்ப்பாடு உள்ளது. தமிழ் 'நரம்பு' உடலுறுப்பையும் யாழின் தந்தியையும் ஒருங்கே குறிப்பதால், 'ஹைலி ஸ்ட்ரங்' என்பதை 'நரம்பு முறுக்கேறியவர்' என ஆக்கத் தோன்றும். ஆனால் தமிழில் நரம்பு முறுக்கேறுதல் வீறையும் சினத்தையும் உணர்த்தும். ஜான்சன் காலத்து வலிமைப் பொருளுக்கு நெருக்கமான இவ்வழக்கு, மூலத்திற்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடும். 'எளிதில் பதறும் இயல்பினர்' என்பதே அங்குத் தகும். 'பண்டில் ஆஃப் நெர்வ்ஸ்' என்பதைக் 'கோழை' என ஆக்குவது, மூல ஆசிரியர் சுமத்தாத பழியை மொழிபெயர்ப்பாளர் சுமத்துவதாகும். 'படபடத்துப் போயிருந்தார்' என்பதே போதுமானது. 'நெர்வஸ்' பேச்சுத்தமிழில் இயல்பாக வழங்குவதற்கு அதன் பழிப்பற்ற தன்மையும் ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

அச்சம் பற்றிய மரபுத்தொடரை மொழிபெயர்ப்பவர், அது குணத்தைச் சுட்டுகிறதா, பிறவி இயல்பைச் சுட்டுகிறதா, கடந்துபோகும் நிலையைச் சுட்டுகிறதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். உருவகமும் உறுப்பும் நிறமும் அதன்பின் கருதத்தக்கவை. வகுப்பறைப் பயிற்சிகளிலும் இருமொழி அகராதிகளிலும் இம்மூன்று பிரிவுகளைக் குறித்துக் காட்டுவது பொருட்பிழையைத் தவிர்க்கும். அதனினும் மேலாக, பதறியவரைக் கோழையாக்கும் அநீதியையும் தவிர்க்கும்.