கிலுகிலுப்பைச் செடியின் விருந்தாளி

பட்டு நகராம் காஞ்சியில் வாழும் நமக்கு அந்துப்பூச்சி என்றதும் பட்டுப்பூச்சியே நினைவுக்கு வரும். சுமார் 5,000 ஆண்டுகள் மனிதனால் வளர்க்கப்பட்டு, அது பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. ஆனால் அதன் உறவினன் ஒருவன் பாலாற்றங்கரைப் புல்வெளியில் பட்டப்பகலில் பறந்து திரிவதை நான் கண்டேன்.

'யூட்டதீசா புல்கெல்லா' என்பது அதன் அறிவியல் பெயர். 1758இல் லின்னேயஸ் சூட்டியது 'புல்கெல்லா' என்னும் சிறப்புப் பெயர். இலத்தீனில் 'சின்ன அழகி' என்பது அதன் பொருள். சிறகு விரித்தால் 3 முதல் 4 செ.மீ. இருக்கும். வெண்ணிற முன்சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். வெள்ளைப் பின்சிறகின் ஓரத்தில், நம் நெசவாளர் சேலைக்கு வைப்பதுபோல் ஒரு கருங்கரை. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா தொடங்கி இந்தியா வரை திறந்த புல்வெளிகளிலும் தரிசுகளிலும் இது வாழ்கிறது. சில ஆண்டுகளில் இங்கிலாந்து வரைகூடப் பறந்து செல்வதுண்டு.

இதன் புழு கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளைத் தின்று, அவற்றின் நச்சை உடலில் சேமித்துக்கொள்கிறது. கசப்பறிந்த பறவைகள் பிறகு இதைத் தீண்டா. அழகென்று நாம் வியக்கும் புள்ளிகள் உண்மையில் எச்சரிக்கைப் பலகைகளே!

பட்டுப்பூச்சிக்கு நாம் மல்பெரி இலை இடுகிறோம். இதற்கோ எதுவும் இட வேண்டா. களையென்று வெட்டி எரிக்காமல் அச்செடிகளைத் தரிசில் விட்டுவைத்தாலே போதும்.