உத்தரமேரூர் சொல்லும் கணக்கு

சென்ற ஆண்டு, செகந்திராபாத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். காரணம் நான்தான். பொருளாளராக இருந்து, கணக்கை எட்டு மாதம் தாமதமாகக் கொடுத்தேன். ஒரு காசும் குறையவில்லை, சோம்பல்தான். மறுபடியும் என்னையே சிலர் நிற்கச் சொன்னபோது, "கணக்குக் கொடுக்காதவர் எப்படி நிற்கலாம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் படித்தபின் கோபம் போய் வெட்கம் வந்தது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஆண்டு கி.பி. 919, 921. அரசன் ஆணை வந்தது. அவனுடைய அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபையே கூடி விதிகளை வகுத்தது. 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் 12 பேர் வீதம், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது 35 முதல் 70 ஆயிற்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவருடைய மாமனார், மருமகன், மகன் முதலிய உறவினர் பெயரையும் இடக்கூடாது!

கடல் கடந்தும் இதுபோன்ற வழக்கம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டை விசிகோத் மன்னர்கள் ஆண்டபோது, தொலேதோ நகரில் ஆயர்கள் மாமன்றமாகக் கூடுவார்கள். மன்னர் தம் கோரிக்கைகளை ஏட்டில் எழுதிக் கொடுப்பார். ஆயர்கள் விவாதித்து முடிவெடுப்பார்கள். மன்னர் அதைச் சட்டமாக உறுதி செய்வார். ரெக்கெஸ்வின்த் மன்னர் 653இல் எட்டாவது மாமன்றத்தைக் கூட்டி, அடுத்த ஆண்டே நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தொகுப்பை வெளியிட்டார். அங்கே நாட்டுக்கு, இங்கே ஒரு ஊருக்கு. ஆனால் இரண்டிடத்திலும் அரசன் சொல்லோடு சபையின் முடிவும் சேர்ந்தது.

இதை இன்றைய மக்களாட்சி என்று பெருமை பேசிவிடலாகாது. உத்தரமேரூர்ச் சபை பிராமண நிலவுடைமையாளர்களுடையது. வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குச் சொல்லியே தீரவேண்டும் என்ற விதி மட்டும் எக்காலத்துக்கும் பொருந்தும்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை உத்தரமேரூருக்கு அழைத்துப் போய் அந்தச் சுவரைக் காட்டுங்கள். நான் இந்த ஆண்டு தேர்தலில் நிற்கவில்லை. மாதந்தோறும் வரவு செலவை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் நின்று படிப்பவர் அந்தப் பெரியவர்தான்.