வாரம் ஒரு மடல்: கணித வகுப்பும் நம் இல்லங்களும்

பிள்ளை காலையில் பள்ளிக்குச் சென்றான், மாலையில் திரும்பினான் என்பதற்கு மேல் அவன் கல்வியைப் பற்றி அறியாத பெற்றோர் நம் கிராமங்களில் இன்றும் பலர் உளர். இஃது அக்கறையின்மையால் விளைந்த குறையன்று. பள்ளியின் செய்தி வீட்டு வாயிலை எட்டாமையால் விளைந்த குறையே ஆகும். இக்குறை கணிதப் பாடத்தில்தான் மிகுதியான தீங்கை விளைவிக்கின்றது. வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போயினும் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். கணிதமோ படிக்கட்டை ஒத்தது. ஆறாம் வகுப்பில் பின்னம் விளங்காத மாணவனுக்கு ஏழாம் வகுப்பில் விகிதம் விளங்காது. எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கும் விளங்காது. பின்னர், "எனக்குக் கணக்கு வராது" என்று அவன் தானே முடிவு கட்டிவிடுகின்றான்.

இதனைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. நடுநிலைப் பள்ளியின் கணித ஆசிரியர், அவ்வாரம் வகுப்பில் நடந்ததை வாரம் ஒரு முறை குடும்பங்களுக்குச் சுருக்கமாகத் தெரிவிப்பதே அவ்வழி.

அத்திப்பட்டு போன்ற ஊர்களின் நிலை

திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திப்பட்டை எடுத்துக்கொள்வோம். வட சென்னை அனல் மின் நிலையம் இங்கு அமைந்துள்ளது. 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராசர் துறைமுகம் என்னும் பெயருடன், அண்மையிலேயே உள்ளது. இத்தகைய தொழிற் பகுதிகளில் தந்தை இரவு முறை வேலைக்குச் செல்வார். தாய் விடியலில் மின்சார ரயிலைப் பிடிப்பார். பெற்றோர் கூட்டத்திற்கு வருமாறு பகலில் அழைத்தால், ஒரு நாட்கூலியை இழந்தன்றோ அவர்கள் வருதல் வேண்டும்? ஆகவே பெற்றோர் பள்ளிக்கு வர இயலாத வாரங்களில் பள்ளியின் செய்தி பெற்றோரைத் தேடிச் செல்லுதல் முறையாகும்.

இது புதிய சுமையும் அன்று. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே வகுத்துள்ளது. வார மடல் அக்கடமைக்குத் துணை செய்யும்.

மடலில் என்ன இருத்தல் வேண்டும்?

நான்கு செய்திகள் போதும்: இவ்வாரம் கற்றது யாது, பிள்ளைகள் எங்கே இடறுகின்றனர், வீட்டில் செய்யத்தக்கது யாது, வரும் வாரம் கற்கவிருப்பது யாது. மாதிரிக்கு ஒன்று தருகின்றோம்.

"பெற்றோர்களுக்கு வணக்கம். இவ்வாரம் ஆறாம் வகுப்பில் பின்னங்களுள் எது பெரிது, எது சிறிது எனக் காணக் கற்றோம். 4-ஐ விட 8 பெரிது; ஆகையால் 1/4-ஐ விட 1/8 பெரிது எனச் சில பிள்ளைகள் எண்ணுகின்றனர். இன்றிரவு ஒரு தோசையை நான்காகவும், அதே அளவுள்ள மற்றொன்றை எட்டாகவும் வெட்டி, எந்தத் துண்டு பெரிது என்று கேளுங்கள். விடையைக் கூறிவிட வேண்டாம். ஏன் என்று மட்டும் கேளுங்கள். வரும் வாரம் பின்னங்களைக் கூட்டக் கற்போம்."

இதனைப் படிக்க ஒரு நிமிடமும் ஆகாது. ஆயினும், "நன்றாகப் படி" என்று பொதுவாகச் சொல்லிவந்த தாய்க்கு, இன்று எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகின்றது.

பாட்டியும் ஓர் ஆசிரியையே

"எங்களுக்குப் படிப்பில்லை, கணக்கை எவ்வாறு சொல்லித் தருவோம்?" எனச் சிலர் தயங்கக்கூடும். இத்தயக்கம் தேவையற்றது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்பதை நம் வீட்டு மூதாட்டியர் அறிவர். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. நான்கில் ஒரு பங்கு உழக்கு. ஆழாக்கு உழக்கினும் சிறியது என்று பாட்டி அளந்து காட்டினால், மேற்கண்ட பிழை அப்போதே நீங்கும். அரைக்கால், மாகாணி, முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனிப் பெயரிட்டு, திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாயிலாகக் கற்பித்த மரபு நம்முடையது. அவ்வறிவைப் பள்ளியோடு இணைக்கும் பாலமே இம்மடல்.

எழுத்து மட்டும் போதாது

2020-ஆம் ஆண்டில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்குகள் கைப்பேசிச் செய்தியாக மட்டும் சென்றன. வேறு சில குடும்பங்களுக்குச் செய்தியுடன் சுமார் கால் மணி நேரத் தொலைபேசி உரையாடலும் அமைந்தது. உரையாடல் பெற்ற பிள்ளைகள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். செய்தியால் மட்டும் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? தாளை அனுப்பியதோடு கடமை முடிந்துவிடவில்லை. எழுத்தறியாத பெற்றோருக்கு ஆசிரியர் தம் குரலிலேயே பதிந்து அனுப்பலாம். பிள்ளையே மடலை வீட்டில் உரக்கப் படிக்கலாம். பெரிதும் பின்தங்கிய இரண்டொரு பிள்ளைகளின் வீட்டாருடன் வாரந்தோறும் பேசலாம். வேறு மொழி பேசும் தொழிலாளர் குடும்பமாயின், அம்மொழி அறிந்த ஒருவர் உதவலாம்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். எல்லாருக்கும் செல்லும் மடலில் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் பிழையையும் பெயரிட்டு எழுதலாகாது. அவற்றை உரிய பெற்றோரிடம் தனியே கூறுதல் வேண்டும். பெற்றோரும் மடலைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது. அடிக்கு அஞ்சும் பிள்ளை தன் ஐயத்தை மறைக்கும். மறைத்த ஐயம் வளரும்.

ஊரார் கடமை

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியதை நினைவுகூர்தல் தகும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் விளங்கிய அக்காலத்தில், இத்தகைய மாநாடுகளின் வாயிலாக ஊரார் தத்தம் பள்ளிகளுக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து வழங்கினர். இன்று ஊரார் தரவேண்டிய நன்கொடை வாரத்தில் அரை மணி நேரமே. முக்கால் பங்கினர் பெற்றோராக அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு, தன் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து ஆராயலாம். மடல் சென்று சேராத வீடுகள் எவை எனக் கண்டு ஆவன செய்யலாம்.

வரும் வெள்ளிக்கிழமையே ஒரு மடலுடன் தொடங்குவோம். கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளை ஒன்றேனும் நம் ஊரில் இராதபடி காப்பது, ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கே ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.