மூன்று நாள் விருந்து அல்ல, மூன்று தலைமுறை வாழ்க்கை!

ஜெர்மனிக்குப் பிழைக்கப் போன துருக்கியரின் கதை

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது தமிழ்ப் பழமொழி. தங்கள் நாட்டுக்கு வேலை செய்ய வந்த அயல்நாட்டாருக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர், "விருந்தாளித் தொழிலாளர்". விருந்தாளி என்றால், ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியவர் என்று பொருள். ஆனால் வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் அங்கேயே தங்கினார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன், பேத்தி கண்டார்கள். அவர்களும் வீட்டு மனிதர்கள்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

ஆள் தேவை

இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிய மேற்கு ஜெர்மனி, 1950-களில் மளமளவென்று எழுந்தது. சுரங்கங்களிலும் கார் தொழிற்சாலைகளிலும் வேலை இருந்தது, ஆள் இல்லை. 1955-ம் ஆண்டு இத்தாலியுடன் ஒப்பந்தம் செய்து ஆட்களை வரவழைத்தார்கள். 1960-ல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளுடனும் ஒப்பந்தம் ஆயிற்று. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியதும், கிழக்கு ஜெர்மனியில் இருந்து வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்து நின்றுபோயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி துருக்கியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இஸ்தான்புல் நகரில் ஜெர்மன் அரசு ஆள் எடுக்கும் அலுவலகம் திறந்தது. விண்ணப்பித்தவர்களை டாக்டர்கள் பல்லைத் திறந்து பார்த்து, உடம்பைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேறியவர்கள் ரெயில் ஏறி மியூனிக் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 11-வது பிளாட்பாரத்துக்கு அடியில் இருந்த போர்க்காலப் பதுங்குமிடத்தில் அவர்களை உட்காரவைத்து, இன்னார் இன்ன தொழிற்சாலைக்கு என்று பிரித்து அனுப்பினார்கள்.

துருக்கியருக்கு முதலில் 2 ஆண்டுதான் அனுமதி. ஒருவர் போக, வேறொருவர் வரவேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலதிபர்களுக்கு அது பிடிக்கவில்லை. பாடுபட்டுப் பழக்கிய ஆளை அனுப்பிவிட்டு, புது ஆளுக்கு மறுபடியும் முதலில் இருந்து கற்றுக்கொடுப்பது யாருக்கு லாபம்? 1964-ல் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

பரிசு பெற்றவரின் கதி

அந்த ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கொலோன் நகர ரெயில் நிலையத்தில் ஒரு விழா. 10 லட்சமாவது விருந்தாளித் தொழிலாளர் என்று போர்ச்சுகல் நாட்டுத் தச்சர் அர்மாண்டோ ரோட்ரிகஸ் என்பவரைப் பிடித்து நிறுத்தி, பூச்செண்டும் ஒரு மொபெட்டும் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் அவர் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். ஜெர்மனியில் இருந்து நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமை தமக்கு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சம்பாதித்ததை எல்லாம் வைத்தியத்துக்குச் செலவிட்டு, 1979-ல் இறந்தார். அந்த மொபெட் இன்று பான் நகரில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடுத்த பரிசு கண்ணுக்குத் தெரிந்தது. இருந்த உரிமையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கதவு மூடியதும் குடும்பம் வந்தது

1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி நேரத்தில், அயல்நாட்டில் இருந்து ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தியது. அதுவரை வந்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போய்விட்டவர்கள்.

மிச்சம் இருந்தவர்களும் போய்விடுவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. நடந்தது வேறு. ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது என்று தெரிந்ததும், அவர்கள் போகாமல் இருந்து மனைவி, மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். கதவை மூடியதே அவர்களைக் குடியேறிகள் ஆக்கிவிட்டது. திரும்பிப் போகிறவர்களுக்கு 10,500 மார்க் தருவதாக 1983-ல் சட்டம் செய்தும், பெரும்பாலோர் அசையவில்லை.

வரி உண்டு, ஓட்டு இல்லை

அவர்கள் வரி கட்டினார்கள். ஓய்வூதிய நிதிக்கும் பணம் செலுத்தினார்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைக் குழுத் தேர்தலில் போட்டியிடவும் உரிமை கிடைத்தது. ஆனால், தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் அவர்கள் அன்னியர்தான். 20 ஆண்டு குடியிருந்த ஊரின் நகரசபைக்குக்கூட ஓட்டுப் போட முடியாது. சில மாநிலங்கள் அந்த உரிமையைத் தர முன்வந்தபோது, 1990-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பிழைப்புக்காக மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்த தமிழரின் நிலையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை இந்திய அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. குடியிருக்கும் இடத்தில் ஓட்டும் உண்டு. மொழி வேறானாலும் அவர் அன்னியர் அல்ல. துருக்கியருக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

யார் குற்றம்?

"இவர்கள் நம்மோடு ஒட்டுவதில்லை; நம் மொழியைக்கூடக் கற்பதில்லை" என்பது ஜெர்மானியர் பலரின் புகார். போகப்போகிறவனுக்கு மொழி எதற்கு என்று கற்றுக்கொடுக்காமல் இருந்தது அரசுதான். சில மாநிலங்களில், ஊர் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று துருக்கிப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்துத் துருக்கி மொழியிலேயே படிப்பித்தார்கள். மத்திய அரசு நியமித்த முதல் அயல்நாட்டார் நல அதிகாரி ஹைன்ஸ் கூன், 1979-லேயே எச்சரித்தார். 'இவர்கள் குடியேறிவிட்டவர்கள், நகரசபை ஓட்டுரிமையும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் கொடுங்கள்' என்பது அவர் அறிக்கையின் சாரம். அது கிடப்பில் போடப்பட்டது. புதிதாக வருவோருக்கு 600 மணி நேர மொழி வகுப்பு என்று சட்டம் வந்தது 2005-ல்தான்; முதல் ஒப்பந்தத்துக்கு 50 ஆண்டு கழித்து!

இடையில் வெறுப்பு வளர்ந்தது. 1993 மே 29-ந் தேதி சொலிங்கன் நகரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்ததில், பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் உயிரிழந்தனர்.

காலம் தாழ்ந்த நீதி

பெற்றோரின் ரத்தத்தை மட்டும் பார்த்துக் குடியுரிமை தந்தது 1913-ம் ஆண்டுச் சட்டம். அது 2000-ல் மாறியது. தாய் அல்லது தந்தை 8 ஆண்டு முறைப்படி வாழ்ந்திருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை ஜெர்மன் குடிமகன் ஆயிற்று. 2024-ல் இரட்டைக் குடியுரிமைக்கும் அனுமதி கிடைத்தது. விருந்தாளித் தொழிலாளராக வந்து முதுமை அடைந்தவர்கள் தேர்வு எழுத வேண்டாம், ஜெர்மன் மொழியில் பேசத் தெரிந்தால் போதும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆனால், அந்தச் சலுகையைப் பெற பலர் உயிரோடு இல்லை.

கொலோன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த துருக்கியர் ஒருவரின் மகன் ஊகூர் சாஹின். 4 வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். 2020-ல் கொரோனா தடுப்பூசியை உருவாக்கிய மைன்ஸ் நகர நிறுவனத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். உரிமை என்பது இத்தகைய மேதைகளுக்குத் தரும் பரிசு அல்ல. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவருக்கும், மருத்துவமனையில் தரை துடைத்த பெண்மணிக்கும் அதே உரிமை உண்டு. உழைக்க அழைத்த நாள் முதலே மொழியும் சட்டமும் அவர்களுக்குத் துணை நின்றிருந்தால், ஒட்டவில்லை என்ற புகாருக்கு இடம் இருந்திராது.