அந்தக் கண்கள் முறைக்கவில்லை



ஒரு முதல் வெள்ளிக்கிழமையன்று, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசென்றபோது, ஒரு வீட்டு வாசலிலேயே அந்த அம்மா என்னை நிறுத்திவிட்டார். "சாமி, முதல்ல வீட்டை மந்திரிச்சுடுங்க. ராத்திரியானா அந்த மூலையில சின்னப் பிள்ளைங்க நிக்குறாங்கன்னு சொல்றாரு. எங்களையும் ஒரு மாதிரியா முறைச்சுப் பார்க்குறாரு. காத்து கருப்பா இருக்கும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க" என்றார்.

அவருடைய கணவருக்கு எட்டு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். ஒரு காலத்தில் ஞாயிறு முதல் திருப்பலியில் வாசகம் வாசித்தவர். பின்னர் வாசிக்க வருவதை நிறுத்திக்கொண்டார். புதிதாகச் சிலரை வாசிக்கச் சொன்னதால் அவருக்கு வருத்தம் என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வீதியில் சந்தித்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லாததைக் கண்டு, என் எண்ணம் சரிதான் என்றும் முடிவுகட்டியிருந்தேன்.

அன்று வீட்டை மந்திரித்தேன். அது எந்த வீட்டிற்கும் நல்லதுதானே! ஆனால், "பிள்ளைகள் தெரிவதை நரம்பு மருத்துவரிடம் சொன்னீர்களா?" என்றும் கேட்டேன். சொல்லவில்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். அதன்பின் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மருத்துவரிடம் நான் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இந்நோயை 1817-ஆம் ஆண்டில் விவரித்து எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். உடல் நடுங்கினாலும் புலன்களுக்குப் பாதிப்பில்லை என்று அவர் கருதினார். அது முழு உண்மையல்ல என்பது இன்று தெரியும். நடுமூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால்தான் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. இதே டோபமின் நம் கண்ணின் விழித்திரையிலும் வேலை செய்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளும் மூளையின் கட்டளைப்படியே இயங்குகின்றன. எனவே நோய் கையை மட்டும் தொட்டுவிட்டு நிற்பதில்லை, கண்ணையும் தொடுகிறது.

முதலாவது, இமைப்பது குறைந்துவிடுகிறது. நாம் நிமிடத்திற்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். இந்நோயாளிகள் மிகச் சில முறையே இமைப்பதுண்டு. முகத்தசைகளும் விறைத்துப்போவதால், பார்ப்பவர்களுக்கு அது முறைப்பாகத் தெரிகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை நினைத்துப் பாருங்கள். இளமையில் நாடகங்களில் நடித்தவர். சிரித்த முகத்தோடு உலகை வலம் வந்தவர். 2005-இல் இறக்குமுன், கடைசி ஆண்டுகளில் அவருடைய முகமும் இந்நோயால் அசைவற்றுப் போயிருந்தது. அவருடைய அன்பு குறைந்துவிட்டது என்று நாம் யாரும் நினைக்கவில்லையே! இமைப்பது குறைவதால் கண் உலர்ந்து எரியும். மண் விழுந்தது போல் உறுத்தும். சில வேளைகளில் நீராகவும் வடியும். இதற்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்து நன்கு உதவும்.

இரண்டாவது, வாசிப்பது கடினமாகிறது. அருகிலுள்ளதைப் பார்க்க இரு கண்களும் சேர்ந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும். அது பலவீனப்பட்டால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கண் தாவும்போது தாவல் குறைந்து, வரி தவறிவிடும். நம் வாசகர் பீடத்திலிருந்து விலகியதற்குக் காரணம் இதுதான். மக்கள் முன்னால் வரி தவறிவிடுமோ என்ற பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பட்டகம் பொருத்திய கண்ணாடி, பெரிய எழுத்து, வரிக்கடியில் வைக்கும் ஓர் அட்டை ஆகியவை இத்தகையோருக்கு உதவும்.

மூன்றாவது, நிற வேறுபாடும் தூரமும் சரியாகத் தெரிவதில்லை. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி இருந்தால் கண்ணுக்குப் படாது. வாசற்படி அருகே வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் சிலர் நின்றுவிடுவார்கள். படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி அணிந்து படியிறங்குவது விழச்செய்யலாம். தனித்தனிக் கண்ணாடி நல்லது. கண்புரை இருந்தால், வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, இல்லாதது தெரிவது. ஆள்கள், பிள்ளைகள், பூனை, நாய் என்று தெரிவதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள். மங்கலான ஒளியில் இது அதிகமாகும். நோயும் காரணம்; உட்கொள்ளும் மாத்திரைகளும் காரணமாகலாம். இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. அவரோடு வாதாடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. நடுக்கத்திற்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் போன்ற சில மாத்திரைகள் பார்வையை மங்கச் செய்யும். சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தைத் திடீரென உயர்த்தவும் கூடும். கண் சிவந்து, கடும் வலியோடு பார்வை மங்கினால், அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நரம்பு மருத்துவரிடம் கண்ணின் தொல்லையையும், கண் மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளின் பெயரையும் தவறாமல் சொல்லுங்கள்.

நம் வாசகருக்கு மருத்துவர் மாத்திரைகளை மாற்றியமைத்தார். மூலையில் பிள்ளைகள் தெரிவது வெகுவாகக் குறைந்தது. அடுத்த மாதம் நான் சென்றபோதும் அதே இமைக்காத பார்வையோடுதான் என்னைப் பார்த்தார். இம்முறை நான் அவசரப்படாமல் அருகில் அமர்ந்தேன். சற்று நேரங்கழித்து, மெல்லிய குரலில், "இந்த ஞாயிறு முதல் வாசகம் என்ன சாமி?" என்று கேட்டார். எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. இவரையா கோபக்காரர் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்!

நம் வீடுகளிலும் அன்பியங்களிலும் இத்தகைய பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து மனத்தை எடைபோடாதிருப்போம். அருகில் அமர்ந்து, "கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?" என்று இந்த வாரமே கேட்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!