ஸ்டீயரிங் கியரை ஃப்ளோர் கியராக மாற்றலாமா? பழைய பிக்கப் டிரக்கின் தரையை வெட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

அம்பாசிடர் காரில் பயணித்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. டிரைவர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லிவரைத் தன் பக்கம் இழுத்து, கீழே தள்ளி கியர் போடுவார். நம்ம ஊரில் இதை ‘ஹேண்ட் கியர்’ என்பார்கள். அமெரிக்காவின் பழைய பிக்கப் டிரக்குகளிலும் இதே அமைப்புதான். இப்போது அவற்றை வாங்கிப் புதுப்பிக்கும் பலர், முதல் வேலையாக அந்த லிவரைக் கழற்றிவிட்டு தரையில் கியர் வைக்க நினைக்கிறார்கள்.

பார்க்க ஈஸியான வேலை மாதிரி தெரியும். ஆனால் அந்த லிவர் கியர் மாற்றுவதற்கு மட்டுமே இருக்கிறது என்று நினைத்தால், அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டீயரிங்கில் ஏன் கியர் வைத்தார்கள்?

1930-களின் இறுதியில்தான் அமெரிக்க கார்களில் இது பரவத் தொடங்கியது. காரணம் எளிமையானது. தரையில் கியர் இருந்தால் நடுவில் உட்காருபவரின் காலுக்கு இடம் இருக்காது. லிவர் மேலே போய்விட்டால், ஒரே நீள சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். குடும்பத்துக்கும் வேலைக்கும் ஒரே வண்டியை ஓட்டிய விவசாயிகளுக்கு இது ரொம்பவே வசதி.

மூன்று கியர், ஸ்டீயரிங் கம்பத்தில் லிவர் என்பதால் அமெரிக்கர்கள் இதற்கு ‘த்ரீ ஆன் தி ட்ரீ’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அதாவது, மரத்தில் மூன்று! செவர்லே சி10, ஃபோர்டு எஃப்-100 போன்ற பிக்கப்களில் இது பல ஆண்டுகள் வந்தது.

உள்ளே எப்படி வேலை செய்கிறது?

லிவரை அசைத்தால், ஸ்டீயரிங் கம்பத்தோடு போகும் ஒரு குழாய் திரும்பும். அதன் அடியில், பானட்டுக்குள், இரண்டு சின்னக் கைகள் இருக்கும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும். மற்றொன்று இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு. இவற்றிலிருந்து இரண்டு ராடுகள் கியர் பாக்ஸின் பக்கவாட்டுக்குப் போகும்.

ராடுகளின் மூட்டுகளில் சின்னச் சின்ன புஷ்கள் இருக்கும். 50 வருஷம் ஓடிய வண்டியில் இவை தேய்ந்து லொடலொடவென ஆகிவிடும். அப்போது ஒரு கியரிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் லிவர் அடுத்த கியருக்குத் தாவும். இரண்டு கைகளும் ஏறுக்கு மாறாக நின்று, கியர் அப்படியே ‘லாக்’ ஆகிவிடும். டிரைவர் நடுரோட்டில் இறங்கி, பானட்டைத் திறந்து, கையால் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்!

அப்படியென்றால் மாற்றியே ஆகணுமா?

அவசியமில்லை. கியர் சிக்குவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த புஷ்ஷும், அளவு தப்பிய ராடும்தான் காரணம். புஷ்களை மாற்றி, நியூட்ரலில் வைத்து ராடுகளைச் சரியாக அளவு செய்தாலே பல வண்டிகள் பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடும். தரையை வெட்டுவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன செலவு.

கியர் பாக்ஸின் உள்ளேயே பல் தேய்ந்திருந்தால், ஃப்ளோர் கியர் வைத்தும் பயனில்லை. லிவர்தான் இடம் மாறும், பிரச்னை அப்படியே இருக்கும். ஆகவே கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வெட்டிய தரையைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். அசல் நிலையில் இருக்கும் வண்டியைத் தேடி வாங்குபவர்களிடம் மதிப்பும் குறையலாம்.

மாற்றுவது என்றால் என்ன வழிகள்?

முதல் வழி, அதே கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் ஃப்ளோர் ஷிஃப்டர் ஒன்றைப் பொருத்துவது. இதற்கென தனி கிட்கள் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், லிவர் மேலே வரும் இடம் சில வண்டிகளில் சீட்டின் விளிம்பில் இடிக்கும். வளைந்த லிவர் தேவைப்படும்.

இரண்டாவது வழி, மேலேயே லிவர் உள்ள நான்கு கியர் பாக்ஸாக மாற்றுவது. செவர்லே டிரக்குகளில் வந்த எஸ்.எம்.465 இதற்கு நல்ல உதாரணம். இதில் முதல் கியர் பாரம் இழுப்பதற்காகவே இருப்பது. ஆனால் கியர் பாக்ஸின் நீளம் மாறினால், அதைத் தாங்கும் கிராஸ் மெம்பரும், பின் சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் மாற வேண்டிவரும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

* பேட்டரியைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம்.

* 1967 முதல் 1972 வரையிலான செவர்லே பிக்கப்களில் பெட்ரோல் டேங்க், கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அதைக் கழற்றாமல் கிரைண்டர் ஓட்டினால், ஒரு தீப்பொறி போதும்!

* தரைக்கு அடியில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு, முதலில் ஒரு சின்னத் துளை போட்டு இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

* லிவரைச் சுற்றி ரப்பர் உறை இறுக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் புகையோடு கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓட்டுபவருக்குத் தெரியாமலேயே உயிரைப் பறிக்கும்.

* எல்லா கியரிலும் லிவரைப் போட்டுப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே ரோட்டில் இறக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்!

ஸ்டீயரிங் கம்பத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. பல மாடல்களில் ரிவர்ஸ் லைட்டை எரியவைக்கும் சுவிட்ச் அதன் அடியில்தான் இருக்கிறது. பழைய லிவரைக் கழற்றினால் ரிவர்ஸ் லைட்டும் போய்விடும். பின்னால் வருபவருக்கு வண்டி ரிவர்ஸில் வருவதே தெரியாது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஆபத்து இன்னும் பெரிது. ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரலில்’ இருந்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் என்பது அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 102-ன் கட்டாயம். இதைக் கவனிக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் ஸ்டீயரிங் கம்பத்தில்தான் உள்ளது. லிவரை மட்டும் தரைக்கு மாற்றிவிட்டு, அந்த சுவிட்சைப் பழைய இடத்திலேயே நியூட்ரலில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கியர் ‘டிரைவில்’ இருந்தாலும், சுவிட்ச் ‘நியூட்ரல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் வண்டி பாய்ந்துவிடும். முன்னால் யார் நின்றாலும் கதி அதோகதிதான். புதிய ஷிஃப்டரிலோ கியர் பாக்ஸிலோ சுவிட்சைப் பொருத்தி, ஒவ்வொரு கியரிலும் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

இந்தியாவில் செய்யலாமா?

அம்பாசிடரின் பிந்தைய மாடல்களில் கம்பெனியே ஃப்ளோர் கியர் கொடுத்தது. அதனால் பழைய வண்டியிலும் அதுபோல மாற்ற ஆசைப்படுபவர்கள் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே செய்யப்போகும் மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒர்க் ஷாப்புக்குப் போவதே நல்லது.

மொத்தத்தில், முதலில் புஷ்ஷைப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஃப்ளோர் கியரை யோசியுங்கள். மாற்றினால், லிவரோடு சேர்த்து சுவிட்சையும் மாற்ற மறக்காதீர்கள்!